தாழ்ந்த ஒலியும் என் வலக்காதும்

வகுப்பில் நான் எப்போதும் வலதுகோடிப் பெஞ்சையே பிடிப்பதை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. சிறுவயதில் சீழ் வடிந்து என் வலச் செவிப்பறையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதனால் என்ன இழந்தேன் என்பதை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்தான் அறிந்தேன்.

அலையியற்றியுடன் இணைத்த ஹெட்போனைக் காதுக்குக் காது மாற்றி வைத்துப் பார்த்தேன். 2000 ஹெர்ட்ஸில் பெரிய வேற்றுமை இல்லை. 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் இடக்காதில் கேட்ட உறுமல் வலக்காதில் மறைந்தே போயிற்று!

பேராசிரியர் விளக்கினார். செவிப்பறை அசைய வேண்டுமானால் அதன் இருபுறமும் அழுத்தம் வேறுபட வேண்டும். மெதுவாக மாறும் அழுத்தம் ஓட்டை வழியே பின்புறமும் புகுந்து சமமாகிவிடுகிறது. விரைவாக மாறும் அழுத்தத்திற்கு அந்த அவகாசம் இல்லை.

“நல்ல காதிலும் இப்படி ஒரு துளை உண்டப்பா” என்றார் அவர். எனக்கு வியப்பு.

செவிப்பறையின் அதிர்வு மூன்று சிற்றெலும்புகள் வழியே நத்தைக்கூடு போன்ற காக்ளியாவை அடைகிறது. சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயில் திரவம் நிறைந்திருக்கிறது. நெடுக ஒரு சவ்வு ஓடுகிறது. சவ்வின் அடிப்பகுதி விறைப்பானது, உச்சி தளர்ந்தது. ஆகவே உயர்ந்த ஒலி அடியையும், தாழ்ந்த ஒலி உச்சியையும் மிகுதியாக ஆட்டுகிறது. இதை ஆராய்ந்து 1961இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற பெக்கெஷி ஓர் இயற்பியலார் என்பதில் எங்கள் துறைக்குத் தனி மகிழ்ச்சி.

அந்த உச்சியில்தான் துளை இருக்கிறது, பெயர் ஹெலிகோட்ரீமா. அலை மிக மெதுவானதாக இருந்தால் திரவம் அதன் வழியே மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு நழுவிவிடுகிறது. சவ்வு அதிகம் அசைவதில்லை. 1000 ஹெர்ட்ஸில் இரண்டு மூன்று டெசிபலே கேட்கும் காதுக்கு, 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். 10 ஹெர்ட்ஸில் 97 அளவுக்கு வேண்டும். 20க்குக் கீழே அறவே கேட்காது என்று நாம் படித்தது முழுவதும் சரியன்று. போதிய வலு இருந்தால் கேட்கும். ஆனால் சுரமாக அல்ல, விட்டு விட்டு அடிக்கும் துடிப்பாக.

இந்த மந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது. ஓடும்போது தலை 5 சென்டிமீட்டர் ஏறி இறங்கினாலே 0.6 பாஸ்கல் மாற்றம். சாதாரணப் பேச்சின் அழுத்தமோ 0.02 பாஸ்கல்தான்! பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவனுக்குத் தன் தலையாட்டமே இடியாகக் கேட்டிருக்கும்.

என் ஓட்டை அப்படிப்பட்ட வரமல்ல; பேச்சின் அடித்தொனியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. காதுக்கு மேலுள்ள தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை அடைக்கலாம் என்கிறார் டாக்டர். கோடை விடுமுறையில் அறுவை. அம்மாவுக்குப் பயம்தான். ஜூனில் திரும்பியதும் அதே ஹெட்போனை 100 ஹெர்ட்ஸில் வைத்துக் கேட்கப் போகிறேன்.