அராவினால் இலக்கம் போய்விடுமா?

கண்டாவளை உள்ளிட்ட வன்னியில் இடியன் துவக்கு என்பது, குழல்வாயால் மருந்தும் சன்னமும் போட்டு இடித்து இறுக்குவது. இரும்பில் வார்ப்பிலே வந்த எழுத்து என்றால் புடைத்து நிற்கும். அரத்தால் அராவினால் அதோடு சரி.

அச்சு வைத்து அடித்த இலக்கம் வேறு சங்கதி. அடி விழும்போது பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிகமணிகள் நசுங்கி உருக்குலைகின்றன. பள்ளம் மறைந்தாலும் அந்த நசுக்கல் உள்ளே கிடக்கும். தடயவியலாளர் மேற்பரப்பை மினுக்கி, செப்புக் குளோரைட்டும் ஐதரோக்குளோரிக் அமிலமும் சேர்ந்த ஃப்ரை கரைசலைப் பூசுவார்கள். நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். போன இலக்கம் நிழல்போலத் தெரியத் தொடங்கும். களவு போன சைக்கிளின் சட்டக இலக்கத்துக்கும் இதே கதைதான்.

பழைய துவக்கைத் துலக்குபவர்களே, துருவை எடுங்கள், அரத் தழும்பை எடுங்கள். இலக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.