சென்ட்ரல் நிலையத்திற்கு முதன்முறை வருவோர்க்கு

மருத்துவத்திற்காகவும், வேலை தேடியும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகவும் நம் குடும்பங்களிலிருந்து சென்னைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் பலரை முதலில் எதிர்கொள்வது, செந்நிறச் சுவர்களும் உயர்ந்த மணிக்கூண்டும் உடைய சென்ட்ரல் இரயில் நிலையமே. அங்குள்ள மக்கள் வெள்ளத்தைக் கண்டு திகைப்பது இயல்பு. எனினும், நிலையத்தின் அமைப்பை முன்னரே அறிந்து சென்றால் அத்திகைப்பு பெரிதும் குறையும்.

தென்னகத்தின் முதல் இரயில் நிலையம் 1856-இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. அங்கு நெரிசல் மிகவே, 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. 2019-இல் சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பயணச்சீட்டில் அப்பெயரைக் கண்டு, இது வேறொரு நிலையமோ என ஐயுற வேண்டா.

வெளியூரார் வண்டியைத் தவற விடுவதற்கு ஒரு முக்கிய காரணம், சென்ட்ரலையும் எழும்பூரையும் ஒன்றெனக் கொள்வதாகும். கோவை, பெங்களூரு, தில்லி, ஹவுரா முதலிய திசைகளுக்குரிய வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. திருச்சி, மதுரை, திருநெல்வேலி செல்வோர் பெரும்பாலும் எழும்பூருக்கோ தாம்பரத்திற்கோ செல்ல வேண்டும். சீட்டில் 'எம்.ஏ.எஸ்.' என்றிருந்தால் சென்ட்ரல்; 'எம்.எஸ்.' என்றிருந்தால் எழும்பூர். ஓர் எழுத்தே வேறுபாடு! வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதனை இருமுறை படிப்பது நன்று.

சென்ட்ரல், தண்டவாளங்கள் முடிவுறும் முனை நிலையம். ஆதலால் ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லப் படியேற வேண்டியதில்லை. முன்புறக் கூடத்தின் வழியே நடந்து செல்லலாம். முதியோருக்கு இது பெரும் வசதி. ஆயினும் நெடுந்தூர வண்டிகள் மிக நீளமானவை. நமக்குரிய பெட்டி கடைக்கோடியில் இருக்கக்கூடும். ஆகவே அரைமணி நேரமேனும் முன்னதாக வந்து சேர்க. இரண்டாம், மூன்றாம் நடைமேடைகளுக்கிடையே '2 ஏ' என்றொரு நடைமேடை உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. வழியனுப்ப வருவோர் நடைமேடைச் சீட்டுப் பெற வேண்டும். அது இரண்டு மணி நேரத்திற்கே செல்லும்.

புறநகர் மின்வண்டிகளுக்குரிய பகுதி, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், பக்கத்திலேயே அமைந்துள்ளது. நிலையத்தின் எதிரே அரசு பொது மருத்துவமனையும், தாம்பரம் செல்லும் மின்வண்டிகள் நிற்கும் பூங்கா நிலையமும் உள்ளன. போக்குவரத்து மிகுந்த சாலையைக் குறுக்கே கடக்காது, சுரங்கப்பாதை வழியே செல்வதே பாதுகாப்பு.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். பெட்டியை இழந்தால் மீண்டும் வாங்கலாம். கூட்டத்தில் கைநழுவிய குழந்தையின் துயரை எதனால் ஈடுசெய்வது? சிறுவர் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை வைத்தனுப்புங்கள். தனித்து அழும் பிள்ளையைக் காண நேர்ந்தால், யாருடைய பிள்ளையோ எனக் கடந்து செல்லாது, இரயில்வே காவலரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பயணத்தில் இடர் எதுவாயினும் இரயில்வேயின் 139 என்ற எண் உதவும். ஆயிரமாயிரம் பேர் விரையும் இடத்தில், ஒருவருக்காக நாம் நிற்கும் ஒரு நிமிடம் ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும்.