நன்னீர் மட்டியும் நெய்யாற்று நீரும்

உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், நந்தினையும் முரளினையும் ஈரறிவுயிர் எனக் கொள்ளும். முரள் என்பதில் இப்பி, கிளிஞ்சல், ஏரல் ஆகியவற்றை உரையாசிரியர் அடக்குவர். உடம்பால் தொட்டறிதலும் நாவால் சுவைத்தறிதலுமே இவற்றுக்குரிய இரண்டு அறிவுகள். நீரின் தூய்மையை ஆராயும் இக்கால விலங்கியலார் மட்டியிடம் நாடுவதும் ஏறத்தாழ இந்தச் சுவையறிவையேயாம். நாவென ஓர் உறுப்பு அதற்கு இல்லை என்பது வேறு செய்தி.

ஆறு, குளங்களின் சேற்றிலும் மணலிலும் பாதி புதைந்து வாழும் நன்னீர் மட்டி, லேமெல்லிடென்ஸ், பாரிசியா முதலிய இனங்களைச் சார்ந்தது. நுண்மயிர்களின் அசைவால் நீரை உள்ளிழுத்துச் செவுள்களில் வடித்து, அதிலுள்ள நுண்பாசிகளை உண்கிறது. ஒரு நாளில் பல லிட்டர் நீர் அதன் உடல்வழிச் செல்லும். அந்நீரிலுள்ள காட்மியம், செம்பு போன்ற உலோகங்கள் திசுக்களில் தங்கி, நீரிலுள்ள அளவினும் பன்மடங்காகப் பெருகும். இடம்பெயர்தல் மிகக் குறைவாதலின், அது காட்டும் மாசு அவ்விடத்து மாசே என்று துணியலாம். இவ்வியல்பு பற்றியே கடல் மட்டிகளைக் கொண்டு உலகக் கரையோரங்களைக் கண்காணிக்கலாம் என அமெரிக்க அறிஞர் எட்வர்டு கோல்டுபெர்க் 1975இல் முன்மொழிந்தார்.

ஆயின் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நஞ்சு கடுமையாயின் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். மூடிய மட்டி நீரை வடிப்பதில்லை. எனவே திடீரெனப் பாய்ந்த கழிவின் சுவடு அதன் தசையில் மிகக் குறைவாகவே காணப்படும். நாட்பட்ட மென்மாசைத் தசை காட்டும். ஒரு நாளைய கொடுமாசை ஓடு மூடும் செயலே காட்டும். அங்கேரி நாட்டு யானோஷ் சலாங்கி, பாலட்டன் ஏரிக்கரையிலுள்ள திஹானி ஆய்வுநிலையத்தில், ஓடு திறந்து மூடும் இவ்வொழுங்கையும் உலோகங்களால் அது மாறும் பாங்கையும் நெடுங்காலம் ஆராய்ந்தார். நஞ்சேதும் இன்றியும் மட்டி மணிக்கணக்கில் மூடி ஓய்ந்திருக்கும். ஆகவே ஒரு மட்டியின் சான்று போதாது. போலந்து நாட்டு வார்சா நகரின் குடிநீர் நிலையத்தில் எட்டு மட்டிகளின் ஓடுகளில் காந்தம் ஒட்டி, உணர்கருவியால் நோக்குகின்றனர். பல மட்டிகள் ஒருங்கே மூடினாலே எச்சரிக்கை எழும். பணி முடிந்த மட்டிகள், மீண்டும் பயன்படாவண்ணம் குறியிடப்பட்டு, ஏரியில் விடப்படுகின்றன. இத்தகைய ஓய்வூதியம் நம் ஆய்வுக்கூட விலங்குகளுக்கு வாய்ப்பது அரிது.

கேரளத்தில் மெல்லுடலிகளைப் பற்றிய ஆய்வு புதிதன்று. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய என். பாலகிருஷ்ணன் நாயர், மரத்தைத் துளைக்கும் இருவோட்டு உயிர்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தேங்காய் மட்டை ஊறவைக்கும் காயல்களின் மாசினையும் அப்துல் அசீசுடன் இணைந்து ஆராய்ந்தார். மட்டை அழுகுமிடத்து நீர் உயிர்வளி இழந்து, ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்து, அடித்தரை உயிர்கள் அருகுகின்றன.

அகத்தியமலையில் தோன்றிப் பூவாற்றில் கடல் சேரும் நெய்யாறு 56 கிலோமீட்டர் நீளமே உடையது. 1958இல் முடிந்த அணைக்குக் கீழே, நெய்யாற்றின்கரை வட்டத்தில், பெருங்கடவிளை முதலிய ஊர்கள் உள்ளன. இப்பெயரின் ஈறாகிய 'விளை', குமரி மாவட்ட வழக்கிற்போலத் தோட்டநிலத்தைச் சுட்டுவது. இப்பகுதித் தோட்டங்களில் ரப்பர் இன்று முதன்மை பெற்றுள்ளது. ரப்பர்ப்பாலை உறையச் செய்யப் பார்மிக் அமிலம் பயன்படுகிறது. அதன் கழிவுநீர் ஓடையில் கலக்குமாயின் நீரின் புளிப்புத்தன்மை கூடும். செம்புறைமண் நிலத்து நீரில் சுண்ணம் இயல்பிலேயே குறைவு. சுண்ணத்தாலான ஓட்டினை உடைய உயிருக்கு இவ்விரண்டும் சேர்வது கேடாகும். ஓட்டின் முகட்டுப் பகுதி முதலில் அரிக்கப்படும்.

மணல் அள்ளுதல் இதனினும் கொடிது. அமிலக்கழிவு நீரோடு கடந்து போகும். ஆற்றுப்படுகையோ போனால் விரைவில் மீளாது. 2001இல் கேரள அரசு ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய பின்னரும் நெய்யாற்றில் களவாக மணல் அள்ளப்பட்டு வந்துள்ளது. மட்டியின் இளவுயிரி சில காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வாழ்ந்து, பின் உதிர்ந்து, மணலில் வளர்வது. உரிய மீன் இல்லையெனினும், உதிரும் இடத்தில் மணல் இல்லையெனினும், அத்தலைமுறை அற்றுப்போம். முதிர்ந்த மட்டிகளோ பல்லாண்டு வாழ்வன. ஆகவே இவ்வாற்றில் மட்டி ஆய்வு மேற்கொள்வோர் எண்ணிக்கையோடு நில்லாது, ஒவ்வோர் ஓட்டின் நீளத்தையும் அளந்து, விரற்கடையளவினும் சிறியவை உளவா என நோக்குதல் வேண்டும். பெரியவை மட்டுமே கிடைக்குமாயின், அவ்விடத்து இனப்பெருக்கம் சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது எனக் கொள்ள நேரும்.