முற்றத்துக்கு எத்தனை பிராஸ் ஜல்லி?

மும்பை, புனே பகுதிகளில் ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் வாசல் சேறாகிவிடும். ஆகவே மே மாதத்திலேயே முற்றத்திலும் தோட்டப் பாதையிலும் ஜல்லி பரப்பிவிடுவது நல்லது.

குடியிருப்புச் சங்கத்தின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா? ஜல்லி குறைந்தால் இன்னொரு லாரிக்கு வாடகை. மிஞ்சினால் குவியல் வழியை அடைக்கும். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்!

பெயர் வேறு, அளவு ஒன்று

ஜல்லியை மராத்தியில் "கடி" என்பார்கள். விலை பேசுவது "பிராஸ்" கணக்கில். இதைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பிராஸ் என்பது 100 கன அடி. நம் ஊரில் "யூனிட்" என்பதும் அதே 100 கன அடிதான்.

கணக்கு இதுதான்

முற்றம் 40 அடி நீளம், 15 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 600 சதுர அடி. ஜல்லியின் கனம் 3 அங்குலம், அதாவது கால் அடி. 600-ல் கால் பங்கு 150 கன அடி, ஒன்றரை பிராஸ்.

3 அங்குலத்தை 0.3 அடி என்று பெருக்கிவிடாதீர்கள். 180 கன அடி என்று வரும். தேவையில்லாத 30 கன அடிக்குப் பணம் போகும்!

மரம், தொட்டி நிற்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள். மண்ணில் அழுந்துவதற்கும் சிதறுவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். நம் முற்றத்துக்கு 165 கன அடி ஆகிறது. ஒன்றே முக்கால் பிராஸ் சொன்னால் போதும்.

நடக்கும் இடத்துக்கு முக்கால் ஜல்லி ஏற்றது. வண்டி போகும் இடமானால் அடியில் ஒன்றரை ஜல்லி போட்டு, மேலே முக்கால் ஜல்லி பரப்ப வேண்டும். கனம் 6 அங்குலமானால் அளவும் இரட்டிப்பாகும்.

லாரி வந்ததும்...

இறக்கும் முன் டேப்பை எடுங்கள். குவியலை மட்டமாக்கச் சொல்லுங்கள். தொட்டியின் உள் நீளம் 10 அடி, அகலம் 7 அடி, ஜல்லியின் உயரம் இரண்டரை அடி இருந்தால் 175 கன அடி சரி. உயரம் 2 அடிதான் என்றால் 140 கன அடி. 35 கன அடி குறைகிறது!

சிலர் டன் கணக்கில் விற்பார்கள். ஒரு பிராஸ் ஜல்லி சுமார் 4 முதல் நாலரை டன் இருக்கும். ஈர ஜல்லி எடை கூட நிற்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜல்லி தரையில் விழுந்த பிறகு வாதாடிப் பயனில்லை. அளந்ததைச் சீட்டில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிச் சங்கக் கணக்கில் சேர்த்து வையுங்கள்.