எந்தக் கடை, எத்தனை மணிக்கு?

காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "திண்டுக்கல்லில் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும்?" அதோடு எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. நல்ல கடையும் தப்பான நேரத்தில் சுமாரான கடைதான்.

பிரியாணி பகல் உணவு. திண்டுக்கல் பிரியாணியின் பெயர் வெளியூர்களுக்குப் பரவியதில், 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் எப்போதும் தலைப்பாகையோடு இருப்பாராம். ஊர் அதைத் தலப்பாக்கட்டி கடை என்று கூப்பிட, பிறகு அதுவே கடைப் பெயராகிவிட்டது. இன்று அதற்குச் சென்னையிலும் வெளிநாட்டிலும் கிளைகள் இருக்கின்றன. ஊருக்குள்ளோ வேணு, பொன்ராம் என்று ஆளுக்கொரு கட்சி. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இந்தப் பிரியாணிக்கு அடிப்படை சீரகச் சம்பா அரிசி. ஹைதராபாத் முறையில் பாஸ்மதியைத் தனியாக அரைவேக்காட்டில் வடித்து, கறியோடு அடுக்கித் தம் போடுவார்கள். இங்கே கறி வெந்த சாற்றிலேயே அரிசியும் வேகிறது. மணி சின்னது என்பதால் சாறு, மசாலா, கொழுப்பு எல்லாம் அதற்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் கறியே இல்லாத குஸ்காவிலும் கறி மணம் இருக்கிறது. காசு குறைவாக இருக்கும் மாதக் கடைசியில் தயங்காமல் குஸ்கா கேட்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் இதே குணம்தான் இதன் பலவீனமும். தம் உடைத்த சூட்டில் உதிரியாக இருக்கும் சோறு, நேரம் ஆக ஆகக் கொழுப்பு உறைந்து கட்டிபட ஆரம்பிக்கும். ஆகவே மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போவது உத்தமம். இரவிலும் பிரியாணி கிடைக்கும். அது மாலையில் புதிதாக இறக்கிய அண்டாவா, மதியத்து மிச்சமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணே, எப்ப தம் உடைச்சது?" என்றால் பெரும்பாலும் நேராகவே பதில் வரும். மதியமே தீர்ந்துவிட்டது என்று அண்டாவைக் கவிழ்த்து வைக்கும் சின்னக் கடையை நம்பிப் போகலாம்.

இது ருசிக்காக மட்டும் சொல்வதில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் அழியாது. சுடச்சுட ஆவி பறந்தாலே பாதுகாப்பு என்று நினைப்பது அதனால்தான் சரியில்லை. அண்டா அறுபது டிகிரிக்கு மேல் சூடாகவே இருந்ததா, இடையில் ஆறியதா என்பதுதான் கணக்கு.

பரோட்டாவுக்கு நேரம் பொழுது சாய்ந்த பிறகு. பேருந்தில் திண்டுக்கல் வரை போக வேண்டிய அவசியமில்லை; பக்கத்துச் சின்னாளப்பட்டிக்குப் போனாலே போதும். கல்லைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர் மாவை வீசி, சுருட்டி, தட்டிப் போட்டு, வெந்ததும் நான்கைந்தை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கிறார் என்றால் அப்போதுதான் மடிப்புகள் பிரியும். அடுக்கி வைத்த பழைய பரோட்டா தோல் மாதிரி இழுபடும். அதற்குக் கடைக்காரர்கள் கண்ட நல்ல வழி கொத்து பரோட்டா. முட்டை, வெங்காயம், சால்னாவோடு கொத்தும்போது காய்ந்த பரோட்டாவும் மெத்தென்று ஆகிவிடும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் போனால் கொத்துதான் புத்திசாலித்தனம். சால்னா அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறதா, வாளியில் ஆறிக் கிடக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆப்பாயிலும் கலக்கியும் முழுதாக வேகாத முட்டை. உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றி உடனே தட்டுக்கு வருவதால் ஆபத்து குறைவு. ஆனாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். பச்சை முட்டையில் அடித்து வைக்கும் மயோனைஸ் கதை வேறு. அது மணிக்கணக்கில் வெளியே நிற்கிறது. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது இதனால்தான்.

பில்லில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடை, வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணே அச்சிடாத பில்லில் வரி மட்டும் இருந்தால் காரணம் கேட்கலாம். சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. கல்லாவில் எழுதிக்கொடுக்கும் துண்டுச் சீட்டுக்கோ, வாய்க்கணக்கு சொல்லும் தள்ளுவண்டிக்கோ இந்த விசாரணை தேவைப்படாது.

பார்சல் வாங்குவதானால் வாழை இலையில் மடித்துத் தருபவரிடம் வாங்குங்கள், அல்லது தூக்குவாளி கொண்டுபோங்கள். உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. செய்தித்தாளில் மடித்த பஜ்ஜி, வடையையும் தவிர்க்கலாம். அச்சு மையை எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். மதியம் வாங்கிய பிரியாணி பார்சலை விடுதி அறையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய், மாலையில் வந்து பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். சாப்பிட நேரமில்லாத நாளில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிக்கொள்வது மேல்.