பக்திக்கும் ஒரு பரீட்சை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது வில்லியனூர். அங்குள்ள மாதா கோயிலுக்கு எதிரே ஒரு திருக்குளம் உண்டு. 1877-ல் பிரான்சிலிருந்து வந்த லூர்து அன்னையின் சொரூபத்தை வணங்க இந்துப் பெண்களும் வருகிறார்கள்.

"நோய் தீரும் என்று படித்தவர்கள் நம்பலாமா?" என்று கேட்போர் உண்டு. அன்னை காட்சி தந்ததாகச் சொல்லப்படும் லூர்து நகரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. குணமானோம் என்று வருபவர்களை அங்கே 1883 முதல் டாக்டர்கள் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். பதிவான 7,000-க்கு மேற்பட்ட செய்திகளில் திருச்சபை அற்புதமென்று ஏற்றவை எழுபத்துச் சொச்சமே!

சோதனைக்கு அஞ்சாததல்லவா மெய்யான நம்பிக்கை? குழந்தைக்குக் காய்ச்சலென்றால் நாமும் டாக்டரிடம் ஓடுகிறோம். மஞ்சள் துணியில் காசும் முடிகிறோம். அறிவும் பக்தியும் ஒரே வீட்டில் குடியிருப்பது நமக்குப் புதிதா, என்ன?