கே. ஏ. தங்கவேலு

காரைக்கால் அருணாசலம் தங்கவேலு (சனவரி 15, 1917 - செப்டம்பர் 28, 1994) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகர் ஆவார். டணால் தங்கவேலு எனவும் அறியப்பட்டார். உடற்சேட்டைகளை விட, உரையாடலின் ஏற்ற இறக்கத்தையும் சொற்களுக்கு இடையே விடும் இடைவெளியையும் கொண்டு சிரிக்க வைத்தது இவரது தனித்தன்மையாகும்.

இளமையும் நாடகமும்

தங்கவேலு பிறந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது; 1954 இல் தான் அது இந்தியாவுடன் இணைந்தது. சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்கால நாடகக் குழுக்களில் ஒலிபெருக்கி அரிதாகையால், கடைசி வரிசை வரை கேட்கும்படி தெளிவாகப் பேசுவது முதற்பாடமாக இருந்தது. பிற்காலத்தில் திரையில் இவருக்குக் கைகொடுத்ததும் இந்தப் பயிற்சியே.

திரைப்படங்களில்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி (1936) திரைப்படத்தில் சிறு வேடத்தில் அறிமுகமானார். எம். ஜி. ஆருக்கும் இதுவே முதற்படம். எனினும் தங்கவேலுவுக்குப் பெயர் கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. சிங்காரி (1951) படத்தில் அடிக்கடி "டணால்" என்று சொல்லி நடித்தமையால் அச்சொல்லே அடைமொழியாயிற்று. என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய பணம் (1952) படத்திலும் நடித்தார். மிஸ்ஸியம்மா (1955), அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), அடுத்த வீட்டுப் பெண் (1960), எங்க வீட்டுப் பிள்ளை (1965) ஆகியன இவர் நடித்த பிற படங்களுள் சில.

கல்யாண பரிசு

ஸ்ரீதர் இயக்கிய முதற்படமான கல்யாண பரிசு (1959) இவருக்குப் பெரும்புகழ் தந்தது. இதில் இவர் ஏற்ற சம்பத் என்னும் பாத்திரம், வேலையின்றி இருந்துகொண்டே "மன்னார் அண்டு கம்பெனி"யில் பணியாற்றுவதாக மனைவியிடம் கூறுகிறது. பின்னர் எழுத்தாளர் பைரவன் தானே என்றும் நம்ப வைக்கிறது. ஒரு பொய்யைக் காக்க அடுத்த பொய் தேவைப்படுவதே நகைச்சுவைக்கு அடிப்படை. வேலையில்லாதவன் வீட்டில் மதிப்பிழக்க அஞ்சுவது அதன் உள்ளே இருப்பதால், பார்ப்பவர் சிரித்தாலும் சம்பத்தை வெறுப்பதில்லை. இல்லாத நிறுவனத்தைக் குறிக்க "மன்னார் அண்டு கம்பெனி" என்பது பேச்சுவழக்கிலும் இடம்பெற்றது. இப்படத்தில் மனைவியாக நடித்த எம். சரோஜாவைத் தங்கவேலு மணந்துகொண்டார்.

அறிவாளி

அறிவாளி (1963) படத்தில் டி. பி. முத்துலட்சுமியுடன் இவர் நடித்த பூரி சுடும் காட்சியும் புகழ்பெற்றது. கணவன் செய்முறையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியும் தனக்குத் தெரியும் என்கிறாள் மனைவி. துரத்தலோ விழுதலோ இல்லை. இருவரின் பேச்சும் கணவனின் பொறுமை சிறிது சிறிதாகக் கரைவதுமே காட்சியை நடத்துகின்றன. நாடக மேடையில் கற்ற கலை திரையில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இக்காட்சி நல்ல எடுத்துக்காட்டு.